விழா நோட்டீஸில் அவர் பெயர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் 31 ஆண்டுகளாக ஒலிபெருக்கி நிலையம் நடத்தி வருகிறேன். கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி, கல்யாண வீடு, கட்சிப் பொதுக்கூட்டம் என்று எல்லாவகை நிகழ்ச்சிகளுக்கும் மைக் செட் கட்டியிருக்கிறேன். மேடையில் பாடுகிறவரை ஊர் முன்னாலிருந்து பார்க்கும். நான் பக்கவாட்டில், மிக்ஸர் மேசைக்குப் பின்னாலிருந்து கேட்பவன். எக்கோவைக் கூட்டி வைத்தால்தான் நிற்கும் குரல் எது, அதை முழுக்கக் குறைத்தாலும் நிற்கும் குரல் எது என்பது தொழில் எனக்குக் கற்றுத் தந்த பாடம். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

எங்கள் மேற்குக் கடற்கரையின் மீனவ ஊர் ஒன்றில் 34 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார். தாமே பாட்டெழுதி, மெட்டமைத்து, கிதார் வாசித்துப் பாடுகிறவர். பகலில் திங்கள்சந்தையில் ஒரு கைபேசிக் கடையில் வேலை, மாலையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வகுப்பு, வீடு அடங்கிய பிறகு பாட்டு என்பது அவருடைய அன்றாடம். சென்னையில் இருந்தால் அவரைச் சுயாதீன இசைக் கலைஞர் என்று அழைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் ‘நம்ம பையன், நல்லா பாடுவான்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவருக்கு உரிய அங்கீகாரம் கிடைத்திருக்கிறதா என்று என்னைக் கேட்டால், கிடைக்கவில்லை என்றுதான் சொல்வேன். அதற்குச் சென்னையையும் சினிமாவையும் குறை சொல்லிவிட்டுப் போவது எங்களுக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் அவருக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பவர்கள் நாங்கள்தான். விழாக் கமிட்டியும், மேடையில் அறிவிப்புச் செய்பவரும், கீழே உட்கார்ந்து கேட்கும் ஊரும், மைக் செட்காரனாகிய நானும்.

பெயர் இல்லாததைப் பற்றி எழுதும் இந்தக் கடிதத்திலும் அவர் பெயர் இல்லை என்பது வாசகர்களுக்கு உறுத்தலாம். அவரிடம் கேட்டேன். தம் பாட்டோடு பெயர் வந்தால் மகிழ்ச்சி என்றும், ஒரு குறையோடு சேர்ந்து வருவதை விரும்பவில்லை என்றும் சொன்னார். அந்த விருப்பத்தை மதிக்கிறேன்.

முதலில் அவருடைய இசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அனுதாபத்தினால் எழுதுகிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சிறு வயதில் பக்கத்து ஊர் அம்மன் கொடைகளில் விடிய விடிய வில்லிசை கேட்டு, வில்லின் மேல் வீசுகோல் விழும் கணக்கை மனத்தில் வாங்கிக்கொண்டவர் அவர். தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரல்களாகப் பிரிந்து பாடப் பழகியவர். கரைமடி இழுக்கும்போது பெரியவர்கள் பாடிய அம்பாப் பாட்டை நேரில் கேட்ட கடைசித் தலைமுறையில் ஒருவர். இந்த மூன்றும் இந்த மாவட்டத்தில் அடுத்தடுத்த தெருக்களில்தான் இருக்கின்றன, ஆனால் ஒரே தொண்டையில் சேர்ந்து நான் கேட்டது அவரிடம் மட்டுமே. கிதாரின் மரப்பெட்டியை உள்ளங்கையால் தட்டி, வில்லிசைக் குடத்தின் ஓசையைக் கொண்டுவருவார். அதற்காக, மைக்கைக் கிதாரின் துளைக்கு நேராக வைக்காமல் நான்கு விரல் கீழே இறக்கி வைக்கும்படி என்னிடம் சொல்வார். முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது, எனக்கே பாடம் நடத்துகிறாரே என்று நினைத்தேன். இறக்கி வைத்துக் கேட்ட பிறகுதான், அந்தக் ‘கும்’ என்ற ஓசை தந்தியின் ஓசையிலிருந்து பிரிந்து தனியாக எழுந்து வருவதைக் கண்டேன்.

அவருடைய சொற்களும் அப்படிப்பட்டவை. கச்சான், வாடை, கொண்டல், தங்கல் என்று கடற்கரை வீடுகளில் புழங்கும் சொற்களை, வெளியூர்க்காரருக்காகப் பொருள் சொல்லி விளக்காமல் அப்படியே வைப்பார். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில், கடலுக்குப் போன பலர் இந்தக் கரைக்குத் திரும்பவில்லை. அதைப் பற்றி மேடை மேடையாக எத்தனையோ பாட்டுகளைக் கேட்டுவிட்டேன். பெரும்பாலானவற்றில் அலை சீறும், அன்னை கதறுவாள், வானம் அழும். இவர் எழுதிய பாட்டில் புயல் என்ற சொல்லே கிடையாது. வாசலில் ஒரு சோடிச் செருப்பு கிடக்கிறது, அதை எடுத்து உள்ளே வைக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை, மழை வருகிறது, ஒருத்தி வெளியே வந்து, தண்ணீர் தேங்காதபடி அந்தச் செருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போகிறாள். பாட்டு அவ்வளவுதான். முதன்முதலில் அதைக் கேட்ட இரவில், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போன என் உதவியாள் டப்பாவைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

எல்லாப் பாட்டும் இந்தத் தரத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகள் நீளம். ஏழு நிமிடத்தைத் தாண்டும்போது அவருக்கே மூச்சு வாங்குகிறது. அண்மையில் எழுதிய இரண்டு மூன்றில் கருத்து முன்னால் வந்து மெட்டைத் தள்ளிவிடுகிறது. இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒருவரை அங்கீகரிப்பதென்றால் அவரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருப்பதில்லை, அவர் பாட்டை உட்கார்ந்து கேட்டு, எது நின்றது, எது நிற்கவில்லை என்று சொல்வதும்கூட என்று நான் கருதுகிறேன். ஊரில் யாரும் அவருக்கு அதைக்கூடச் செய்ததில்லை. நன்றாக இருக்கிறது என்பார்கள். எந்தப் பாட்டு என்று கேட்டால் தெரியாது.

பதிவுகளையெல்லாம் அவர் வீட்டிலேயே செய்கிறார். அறையின் ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்தி, இரைச்சல் விழாமலிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, சித்திரை மாத வெயிலில் வேர்வை சொட்டச் சொட்டப் பாடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எவ்வளவு அடைத்தாலும் கடலின் ஓசை உள்ளே வந்துவிடும். அதை அழிக்க முயன்று முடியாமல், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த அறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் அவருக்கு மேடைகளில் போர்த்தப்பட்ட பொன்னாடைகளை அவர் தாயார் மடித்து வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றை எடுத்து, உப்புக்காற்று படாதபடி கீபோர்டின் மேல் மூடியிருக்கிறார்கள். எத்தனை பொன்னாடை என்று கேட்டேன். 23 என்றார் அந்தத் தாயார். பணமாக எவ்வளவு வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த மேடைகளில் பெரும்பாலானவற்றுக்கு மைக் செட் கட்டியவன் நான் என்பதால், எனக்கே தெரியும். எனக்குரிய வாடகையை முன்பணம் போக மீதியை எண்ணி வாங்கிக்கொண்டுதான் ஒவ்வோர் இடத்திலிருந்தும் வண்டியை எடுத்திருக்கிறேன்.

என் மனத்தை விட்டுப் போகாத ஓர் இரவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரு திருவிழாவின் ஒன்பதாம் நாள். எந்த ஊர் என்பது முக்கியமில்லை, ஏனென்றால் எந்த ஊராகவும் இருந்திருக்கலாம். நோட்டீஸில் ‘இரவு 9 மணிக்கு இன்னிசை, 10 மணிக்கு நாடகம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். நாடகத்தின் பெயர், எழுதியவர், நடத்துகிற மன்றம், பந்தல் ஒப்பந்தக்காரர், மின்னலங்காரம், ஒலி அமைப்பு என்று என் நிலையத்தின் பெயர் உட்பட எல்லாம் அதில் இருந்தன. இன்னிசை யாருடையது என்று மட்டும் இல்லை. நாடகக்காரர்கள் ஒப்பனை போடும் நேரத்தை நிரப்புவதற்காக அவரை அழைத்திருந்தார்கள். முதல் பாட்டை முடித்து, செருப்புப் பாட்டைத் தொடங்கினார். முன்வரிசையில் மணலில் பாய் விரித்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்போது கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் என் மேசைக்கு வந்து, ‘அண்ணே, இது சாவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கு. பெறத்த ஆளுவ எழும்பிப் போறாவ. கொறச்சு விட்டுட்டு ஒரு சினிமாப் பாட்டப் போடுங்க’ என்றார். நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, உண்மையிலேயே ஆட்கள் எழுந்து போகிறார்களா என்று சரிபார்க்கவும் இல்லை. அடுத்த ஆண்டும் இந்த ஊர் புக்கிங் வேண்டுமே என்ற நினைப்பில், அவருடைய மைக்கின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். மேடையில் நிற்பவருக்கு மானிட்டர் பெட்டியில் தம் குரல் குறைவது உடனே தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பாட்டைப் பாதியில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அவர் படிக்கட்டில் இறங்கும்போதே நான் போட்ட சினிமாப் பாட்டு ஓடத் தொடங்கியிருந்தது.

அந்த இரவைப் பற்றி அவர் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதற்கு அடுத்த ஆண்டில் நடந்ததை இதைவிடப் பெரிய குறையாகக் கருதுகிறேன். வேறோர் ஊரில், வெளியிலிருந்து வந்த இசைக்குழு ஒன்று அதே செருப்புப் பாட்டைப் பாடியது. எங்கோ கைபேசியில் கேட்டுப் பிடித்துப்போய் எடுத்திருக்கிறார்கள், நன்றாகவும் பாடினார்கள். பாடுவதற்கு முன் அறிவிப்பாளர், ‘அடுத்து வருவது, எழுதியவர் பெயர் தெரியாத, குமரிக் கடற்கரையின் பழைய நாட்டுப்புறப் பாடல்’ என்று சொன்னார். எழுதியவர் அப்போது என் ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில், கட்டஞ்சாயாக் குவளையோடு நின்றுகொண்டிருந்தார். என் மேசையில் அறிவிப்பு மைக் இருந்தது. அதை எடுத்து, ‘இந்தப் பாட்டை எழுதியவர் இதோ நிற்கிறார்’ என்று சொல்ல எனக்கு ஐந்து நொடி போதும். வந்த குழுவைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘பாடுதாவ இல்லா அண்ணே, அது போதும்’ என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றுவரை அது பழைய பாட்டுதான்.

பெயர் சொல்வதென்பது இந்த மண்ணுக்குப் புதிய பழக்கமா என்று யோசித்தால், இல்லை. வில்லிசையில் காப்பும் வருபொருளும் பாடிய பின் குருவடி பாடுகிறார்கள். தமக்குப் பாட்டைக் கற்றுத்தந்தவரை வணங்காமல் எந்தப் புலவரும் கதைக்குள் நுழைவதில்லை. தக்கலையில் பீர் முகம்மது அப்பா அவர்களின் ஆண்டு விழாவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுவதும் கூடியிருந்து பாடுகிறார்கள். நெசவுத் தொழில் செய்த ஒரு ஞானியின் பாட்டை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அவருடைய பாட்டு என்று சொல்லியே இந்த ஊர் பாடுகிறது. அந்த இரவு ஓதுதலைக் கேட்டு வளர்ந்தவர்கள், உயிரோடிருக்கும் ஒருவரின் பாட்டைப் பெயர் தெரியாத பாட்டு என்று சொல்லக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டோமே என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1984-இல், நாகர்கோவிலில் வானொலி நிலையம் தொடங்கியது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. எங்கள் தெருவில் ஒருவர் குரல் தேர்வில் தேறி மெல்லிசை நிகழ்ச்சியில் பாடினார். அன்றைக்குத் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தது. பாட்டுக்கு முன்னால் பாடல் யாருடையது, இசை யாருடையது, பாடுபவர் யார் என்று அறிவிப்பாளர் நிதானமாகச் சொன்னார்; முடிந்ததும் மறுபடியும் சொன்னார். பாட்டு எப்படி இருந்தது என்பது இப்போது எனக்கு நினைவில்லை. அந்தப் பெயரை இரண்டு முறை கேட்டபோது திண்ணையிலிருந்த அவருடைய அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. அந்த ஒழுங்கு எங்கள் மேடைகளுக்கு வராமலே போய்விட்டது.

சினிமாவுக்குப் போயிருந்தால் பெயர் தானாக வந்திருக்குமே என்கிறார்கள். ஒழுகினசேரியில் பிறந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனாக ஆன கதையை எங்கள் மாவட்டத்தில் எல்லாரும் பெருமையோடு சொல்கிறோம். அதே கலைவாணர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரின் வில்லிசைத் திறமையைக் கண்டு சென்னைக்கு அழைத்துச் சென்றார் என்பதையும், அந்த இளைஞர் தம் முதுமையில், 2021-இல், பத்மஸ்ரீ விருது பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கலைவாணர் புகழ் பெற்றார் என்பதில் எங்களுக்குப் பெருமை. அவர் இன்னொருவரைக் கண்டுகொண்டார் என்பதில் எங்களுக்குக் கடமை இருக்கிறது. மேலும், பெரிய அளவில் பேர் கிடைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் உண்மையில்லை. 2021 மார்ச்சில் வெளிவந்து உலகம் முழுக்கக் கேட்கப்பட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்ற தமிழ்த் தனிப்பாடலைப் பலரும் அறிவார்கள். அதே ஆண்டு ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு, அட்டைப் படத்தில் அதை எழுதிப் பாடிய அறிவு என்ற கலைஞரை விட்டுவிட்டது என்று பெரிய விவாதம் எழுந்தது. அந்தப் பாட்டினால் தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டிலேயே யாருடையது, யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுகிறதென்றால், ஓராண்டில் 640 முறை கேட்கப்பட்ட பாட்டுக்கு உரியவரை யார் தேடி வரப்போகிறார்கள்?

640 என்பது அவர் தம் கைபேசியில் எனக்குக் காட்டிய எண். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகைக் கணக்கே தொடங்குவதில்லை. யூடியூபில் விளம்பர வருமானம் வேண்டுமென்றால், நீளமான காணொளிகள் போடுகிறவருக்கு 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரே இரவில் மணலில் உட்காருகிறவர்கள் 1,000 பேருக்குக் குறைய மாட்டார்கள். அவர்களிடம் இந்தப் பாட்டு யாருடையது, எங்கே கேட்கலாம் என்று மேடையிலிருந்து ஒருமுறை சொல்லியிருந்தால் அந்த முதல் வாசற்படியை அவர் எப்போதோ கடந்திருப்பார். சொல்லாமல் விட்டவர்கள் சென்னையில் இல்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், எழுதிய அன்றே பாட்டின் பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை வேறொருவருக்கு விற்றுவிட்ட பின்னும்கூட, இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையைப் படைத்தவரிடமே வைத்திருக்கிறது. சமயச் சடங்குகளிலும் கல்யாண நிகழ்ச்சிகளிலும் பாடுவதற்குச் சட்டம் விலக்களிப்பதும் எனக்குத் தெரியும். கொடையிலும் திருவிழாவிலும் அவர் பாட்டைப் பாடுகிறவர்கள் காசு கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெயரைச் சொல்லக் காசு ஆகாது.

விழாக் கமிட்டிகளின் நிலைமையையும் நான் அறிவேன். வீடு வீடாக வரி பிரித்து நடத்தும் விழா. கொடுத்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டைக் கேட்கத்தான் விரும்புவார்கள். பகல் முழுதும் உழைத்துவிட்டு வந்து உட்காருகிறவருக்குச் சினிமாப் பாட்டு தரும் களிப்பு சிறியதும் இல்லை. என் வண்டியிலும் நாள் முழுக்க ஓடுவது சினிமாப் பாட்டுதான். ஆகவே ஓர் இரவு முழுவதையும் அவருக்கு ஒதுக்கச் சொல்லவில்லை. அழைப்பதாக இருந்தால் நோட்டீஸில் பெயரைப் போட்டு அழைக்கட்டும். பத்து நிமிடமானாலும் அவருடைய சொந்தப் பாட்டு இரண்டைக் குறுக்கிடாமல் பாடவிடட்டும். பந்தல்காரரிடமும் வெடிக்காரரிடமும் என்னிடமும் தொகை பேசி முன்பணம் கொடுப்பதைப் போல அவரிடமும் பேசிக் கொடுக்கட்டும். ‘நம்ம பையன்தானே’ என்ற உரிமையில், அவரிடம் மட்டும் தொகை பேசுவது யாருக்கும் தோன்றாமல் போகிறது. அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஊர்ப் பந்தல்காரரும் நம்ம பையன்தான். அவருக்குப் பொன்னாடை போர்த்திக் கணக்கை முடிப்பதில்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டக் கலை மன்றம் ஆண்டுதோறும் வழங்கும் விருதுகளில், 19 முதல் 35 வயது வரையிலான கலைஞர்களுக்குக் கலை வளர்மணி விருது இருக்கிறது. இவருக்கு அந்த வயது வரம்புக்குள் மிச்சம் இருப்பது சிறிது காலமே. கருநாடக இசை, நாட்டுப்புறக் கலை, பரதம் என்று அறியப்பட்ட தலைப்புகளுக்குள் விண்ணப்பிக்கிறவர்களுக்கு வழிகாட்ட ஆசிரியர்களும் சங்கங்களும் உண்டு. கிதாரோடு நின்று கடற்கரைச் சொல்லில் சொந்தப் பாட்டுப் பாடுகிறவர் எந்தத் தலைப்பில் விண்ணப்பிப்பது என்று சொல்லக்கூட எங்கள் பக்கம் ஆளில்லை. இப்படிப்பட்டவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதை அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்துச் சொன்னால், கடற்கரை ஊர்களிலும் மலையோர ஊர்களிலும் வீட்டு அறையில் பாடிக்கொண்டிருக்கும் இன்னும் சிலரும் துணிந்து வருவார்கள்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். எங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் திருவிழாச் செய்திகள் நாள்தோறும் வருகின்றன. கொடியேற்றியவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் என்று பதினைந்து பெயர்கள் வந்த பின், ‘இரவில் இன்னிசை நிகழ்ச்சி நடைபெற்றது’ என்று செய்தி முடிகிறது. கமிட்டிக்காரர்கள் எழுதிக் கொடுப்பதைத்தான் நிருபர்கள் அனுப்புகிறார்கள் என்பதை அறிவேன். பாடியவர் பெயர் என்ன என்று ஒருமுறை திருப்பிக் கேட்டால், கமிட்டிக்காரர்கள் அடுத்த முறை தாங்களாகவே எழுதிக் கொடுப்பார்கள். செய்தித்தாளில் வந்த பெயரை வெட்டி எடுத்துச் சட்டமிட்டு மாட்டிவைக்கும் வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன.

என் பங்குக்கு, இந்தக் கொடைக்காலம் முதல் என் புக்கிங் ரசீதின் பின்பக்கத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்கிறேன். மேடையில் பாடுகிறவர்கள், அவர்கள் பாடும் சொந்தப் பாட்டுகளை எழுதியவர்கள், இசையமைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களை நிகழ்ச்சிக்கு முன்னதாக என்னிடம் எழுதித் தர வேண்டும், அவற்றை நானே மைக்கில் அறிவிப்பேன் என்பது அந்த வரி. இரண்டு கமிட்டிகள் இது தேவையில்லாத வேலை என்று சொல்லி வேறு மைக் செட்டுக்குப் போய்விட்டன. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று அவருடைய ஒலியை நான் இறக்கிய அதே ஊரில், வரும் திருவிழாவுக்கும் எனக்கே புக்கிங் கிடைத்திருக்கிறது. போன வாரம் நோட்டீஸின் மெய்ப்பு அச்சகத்துக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் நாளுக்கு நேராக, இந்த ஆண்டும் ‘இரவு 9 மணிக்கு இன்னிசை’ என்றுதான் இருந்தது. அச்சகத்திலிருந்தபடியே கமிட்டித் தலைவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். ‘யாரு பாடணும்னு யாரும் சொல்லல்ல, நம்ம பையன்தான் வருவான்’ என்றார். பெயரைச் சேர்க்கட்டுமா என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். மேசையிலிருந்த பென்சிலை எடுத்து அவருடைய முழுப்பெயரையும், அதற்குக் கீழே ‘எழுதி, இசையமைத்துப் பாடும் சொந்தப் பாடல்கள்’ என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இடம் போதவில்லை என்று அச்சகக்காரர் சொன்னார். ஒலி அமைப்பு என்று என் நிலையத்தின் பெயர் இருந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். திருத்திய மெய்ப்பு நாளை வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஒலிபெருக்கி நிலைய உரிமையாளர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.